இரட்டை முகடு

ஜூலை. குன்னூர்.
சாளரத்தைத் திறக்காதீர் என்று
இரண்டு முறை எழுதி ஒட்டிவிட்டோம்.
முதல் தாள் ஈரத்தில் ஊறி விழுந்தது.

மஞ்சு இறங்கினால் ஊருக்கு அழகு.
எங்களுக்குப் பகை.
கருவிக்குள் இருப்பது உப்பாலான கண்ணாடி,
பள்ளத்தாக்கின் ஒரு பெருமூச்சு பட்டாலும்
புரை விழுந்துவிடும்.
காவலுக்கு ஒரு குப்பி சிலிக்கா மணிகள்:
காய்ந்திருந்தால் நீலம், நனைந்தால் இளஞ்சிவப்பு.
வாரம் இருமுறை அடுப்பில் வறுத்து
அந்த நீலத்தை மீட்டெடுப்பது என் வேலை.

மாதிரிகள் பர்லியாறு சோதனைச் சாவடியில்
சுற்றுலாப் பேருந்துகளிடம் பறித்த கவர்கள்.
மூட்டையைத் தூக்கிக் கொடுத்து
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார் ஹாலன்.
"இதுல ஆராய என்ன மேடம் இருக்கு?"
நாங்கள் சொல்லத் தொடங்குவதற்குள்
அடுத்த பேருந்து வந்துவிட்டது.

உருக்கினால்
தட்டில் கொட்டிய இடியாப்பம்.
எந்தச் சங்கிலி எங்கே தொடங்குகிறது,
எது எதன்மேல் கிடக்கிறது, தெரியாது.
வரைபடத்தில் எழுநூற்று இருபதில்
ஒரே ஒரு முகடு, மழுங்கலாய்.
ஆற ஆற, கொசுவம் போல மடிந்து மடிந்து
சங்கிலிகள் அடுக்கிக்கொள்ளும்.
அப்போது அந்த ஒரு முகடு பிளக்கும்:
எழுநூற்று இருபது, எழுநூற்று முப்பது.
தனியே கிடந்தவரை ஒன்று.
பக்கத்தில் இன்னொன்று இருப்பதை
உணர்ந்த நொடியில் இரண்டு.

இப்படி எழுதியதை யோகாம்பிகை அடித்துவிட்டாள்.
"கவிதை வேணாம். அலகு போடு."

கரிக்குழாய்கள் வேறு சாதி.
தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரமாய் வகிர்ந்தால்
அதில் ஒரு கூறு.
ஒளியைக் காட்டினால்
முழுவதையும் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.
முகடில்லை, பள்ளமில்லை, சரியும் ஒரு கோடு.
ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு
உருகிய பாலிதீனில் போட்டுப் பாருங்கள்,
உறைமோர்தான்.
(விடுதியில் உண்மையான பாலுக்கு
எவ்வளவு மோர் ஊற்றியும்
இந்தக் குளிரில் உறைந்ததில்லை.)

அன்றிரவு நூற்று இருபத்து நான்கு பாகையில்
வெறும் படலத்தை ஒரு மணி நேரம் பார்த்திருந்தோம்.
அசையவில்லை.
கரி சேர்த்ததை வைத்தோம்.
பதினொன்று நாற்பதுக்கு
எங்கோ ஒரு கற்பூர மரம் கம்பியில் சாய்ந்தது.
திரை அணைந்தது. சூடேற்றி அணைந்தது.
மின்கலம் இரண்டு முறை கீச்சிட்டு
அதுவும் போனது.

இருட்டில் என்ன செய்வது?
கீழே சாலையில் காட்டெருது ஒன்று
மூச்சுவிட்டபடி நடந்துபோயிற்று.
ஓர் ஆள் உயரத்துக்கு, அங்கிருந்து இங்குவரை,
நாங்கள் இருவரும் அகச்சிவப்பில்
எரிந்துகொண்டுதான் இருந்தோம்.
அதைப் பார்க்கும் கருவிக்கு
மின்சாரம் இல்லை.
அவள் கோத்தகிரி வீட்டுக் கூரையைப் பற்றிச் சொன்னாள்.
நான் இன்னும் கட்டாத கடனைச் சொன்னேன்.
இரண்டு வருடம் ஒரே மேசை.
இதெல்லாம் அன்றுதான்.

ஒன்று பத்துக்கு விளக்கு வந்தது.
திரையில்
இரண்டு முகடுகள், ஊசியாய்.
பார்க்கக் காத்திருந்தது
பார்க்காதபோது நடந்து முடிந்திருந்தது.
எத்தனையாவது நிமிடத்தில் பிளந்தது?
இனி எந்தக் கணக்கிலும் வராது.

"டார்ச் அடிச்சு மூடியத் திறந்தியா?"
"இல்லையே."
இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதை ஒட்டி
கோடு எழும்பியிருந்தது: கரியமில வாயு.
அறைக்குள் விட்ட மூச்சு.
அதுவும் இரட்டை முகடு.
அவளுடையதா, குனிந்து பார்த்த என்னுடையதா,
கருவிக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.
பின்னணியைக் கழித்தால் மறைந்துவிடும்,
ஒரு பொத்தான்தான்.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஓட்டம் பதினேழு. தோல்வி.
மூச்சு கழிக்கப்படவில்லை.

அலகு போட்டாள் யோகாம்பிகை.
மணிகள் மறுபடி சிவந்திருந்தன.